‘தாப்பாள்’ படத்துக்கு ஒரு போஸ்டர்

கொழும்பு
மார்ச் 9, 2025

அண்ணா,

போன்ல பேசினா நீங்க "சாப்பிட்டியா, படிக்கிறியா"ன்னு கேட்டுட்டு வச்சிடுறீங்க. உங்க ரூம்ல எப்பவும் ஆளுங்க இருக்காங்க, மனசு விட்டுப் பேச முடியாதுன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் இப்படி ஈமெயில்ல நீளமா எழுதுறேன். படங்களையும் இதிலயே அனுப்பிட்டா மங்காம வந்து சேரும்.

விசயம் என்னன்னா, படிப்போட கடைசி வருசத்துக்கு நாங்க ஒரு குறும்படம் எடுக்கணும். எங்க குழுவுல நான்தான் டைரக்டர். சிரிக்காதீங்க. அதுவும் பேய்ப்படம்! பேரு ‘தாப்பாள்’. படப்பிடிப்பு முடிஞ்சிருச்சு. எடிட்டிங்க நிரோஷன்னு ஒரு பையன் செய்றான், ராகலைப் பக்கம். கெட்டிக்காரன், ஆனா எதுக்கெடுத்தாலும் என்கூட சண்டை. மே மாசம் ஹட்டன்ல ஒரு மண்டபத்துல மாணவர் படங்களைப் போட்டுக் காட்டப் போறாங்க. ஒவ்வொரு படத்துக்கும் வாசல்ல போஸ்டர் ஒட்டணும்.

நீங்க தோஹாவுல கடைப் பலகைக்கும் பெரிய பெரிய போர்டுக்கும் டிசைன் போடுறீங்க. சொந்த அண்ணன் இருக்கும்போது நான் எதுக்கு வெளியில கேக்கணும்? கதை ரொம்பச் சின்னது. மழை நாள், தோட்டத்துல ஒரு லயத்து வீடு, யாரோ கதவத் தட்டுறாங்க. அவ்வளவுதான். படத்துல இருந்து ஆறு காட்சி எடுத்து இதோட அனுப்பியிருக்கேன். பாத்துட்டு உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் செய்ங்க.

அப்பா நல்லா இருக்காரு. தேயிலை ஸ்டோர்ல இப்ப கொழுந்து வாட்டுற மாடியில வேலை போட்டிருக்காங்களாம். மழை தூறிக்கிட்டே இருக்குன்னாரு.

சுலக்ஷனா


தோஹா
மார்ச் 14, 2025

அன்புத் தங்கை சுலாவுக்கு,

அண்ணன் லோஜன் எழுதுகிறேன். இப்படி உட்கார்ந்து கடிதம் எழுதிப் பல வருடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் எழுதச் சொன்னபோது எழுதியதுதான். அதனால் கொஞ்சம் புத்தகம் போல இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ படம் எடுக்கிறாய் என்பதைக் கேட்டு, உண்மையைச் சொன்னால், கர்வமாக இருந்தது. கூட வேலை பார்க்கும் நேபாளிப் பையனிடம்கூடச் சொன்னேன். போஸ்டர் என் பொறுப்பு. நீ கவலைப்படாதே.

சில விசயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திரையில் தெரிகிற கறுப்பு வேறு, அச்சில் வருகிற கறுப்பு வேறு. ஹட்டனில் பேனர் அடிக்கிற கடைகளில் கறுப்பு சாம்பலாகத்தான் வரும். அதற்குத் தகுந்த மாதிரி நான் நிறம் வைத்துத் தருகிறேன். படப் பெயரைக் கையால் எழுதலாம் என்று நினைக்கிறேன். பேய்ப்படம் என்றால் எழுத்தில் இரத்தம் வடிய வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஈரச் சுவரில் விரலால் எழுதியது போல வைத்தால் போதும்.

அப்புறம் ஒன்று. நீ அனுப்பிய நாலாவது படத்தை இங்கே பெரிய திரையில் திறந்தேன். ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு மழையில் நிற்கிறாள். தலையில் பொலித்தீன், பச்சைச் சேலை, வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. மெசின் பாட்டுக்கு ஓடி ஒரு சுருள் ஸ்டிக்கர் பாழாகிவிட்டது. மேஸ்திரி கத்தினான்.

அந்தப் பெண் யார் என்று மட்டும் எழுது. தோட்டத்தில் தெரிந்தவர்களா?

அண்ணன்
லோஜன்


கொழும்பு
மார்ச் 16, 2025

அண்ணா,

அது நான்தான்.

சேலை அம்மாவோடது. வீட்டோட எல்லாம் போயிருச்சுல்ல, ஆனா அந்தப் பச்சைச் சேலை மட்டும் அம்மாக்கண்ணு அத்தை வீட்டுல இருந்துச்சு. ஏதோ கல்யாணத்துக்குக் கட்டிக்க வாங்கிட்டுப் போனாங்களாம். நான் கேட்டதும் மடிச்சுக் குடுத்தாங்க. படப்பிடிப்பு அன்னைக்கு எனக்குக் கட்டிவிட்டதும் அவங்கதான். கட்டிவிட்டுட்டு என்னையப் பாக்காம உள்ள போயிட்டாங்க.

முதல் கடிதத்துலயே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க செய்யமாட்டீங்களோன்னு பயம். இப்ப கேட்டுட்டீங்க, அதனால முழுசா சொல்றேன்.

ஒரு தோட்டத்துல மலை சரிஞ்சு ஒரு அம்மா மண்ணுக்குள்ள போயிடுறாங்க. பிரேதம் கெடைக்கல. அதுக்குப் பெறகு மழை பேயுற சாயங்காலமெல்லாம் அந்த வீட்டுக் கதவ யாரோ தட்டுறாங்க. அப்பா ஓடிப்போயி தொறப்பாரு. யாரும் இருக்கமாட்டாங்க. வாசல் இஸ்தோப்புல சேத்துக் கால் தடம் மட்டும் இருக்கும். மகளுக்குப் பயம் வந்திருது. ஒரு நாள் அப்பா இல்லாத நேரத்துல கதவு தட்டுற சத்தம் கேக்குது. மக எழும்பிப் போயி உள்பக்கமா தாப்பா போட்டுடுறா. வெளியில தட்டிக்கிட்டே இருக்காங்க. பெறகு சத்தம் நின்னுபோகுது. படம் அத்தோட முடியுது.

நம்ம மேமலை லயத்துலதான் எடுத்தோம். நம்ம வீட்டுக் காம்பரா இருந்த பக்கம் ஒண்ணுமில்ல. கடைசியில இராமையா மாமா இருந்த காம்பரா இன்னும் நிக்குது. கூரைத் தகரம் பாதி இல்ல. அதுக்குள்ளதான் கேமராவ வச்சோம்.

இது நம்ம கதைதான் அண்ணா. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. போஸ்டரை வேற ஒருத்தங்க செஞ்சா நல்லா இருக்காது.

சுலா


தோஹா
மார்ச் 17, 2025

சுலா,

நான் போஸ்டர் செய்யப் போறதில்ல.

பெத்த தாயப் பேயாக்கி மண்டபத்துல போட்டுக் காட்டப் போற. ஊரு சனம் பயந்து கத்தும், உன் வாத்தியாருங்க மார்க் போடுவாங்க. அம்மாவுக்கு இதுதான் நீ செய்ற மரியாதையா? அவங்க சேலையக் கட்டிக்கிட்டு, அந்த மண்ணு மேலயே நின்னு? உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

பகல் சாப்பாட்டு நேரத்துல அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு ஒண்ணுமே தெரியல. "படிப்புக்கு ஏதோ படம் புடிக்கிறாங்க"ன்னுதான் நெனைச்சிருக்காரு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.  "அப்பா, அப்பா"ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். லைன் அறுந்திருச்சு.

எனக்கு இனி எழுதாத.

லோஜன்


கல்லருவித் தோட்டம், அக்கரப்பத்தனை
ஏப்ரல் 2, 2025

அண்ணா,

எழுத வேணாம்னு சொன்னீங்க. பதில் போடாட்டி பரவாயில்ல, வாசிச்சா போதும்.

நீங்க அப்பாகிட்ட போன்ல சொன்ன நாள்ல இருந்து அப்பா என் போனை எடுக்கல. அம்மாக்கண்ணு அத்தைதான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னாங்க: "அப்பன் வேலைக்கும் போகல, சோறும் ஆக்கல, வந்து பாரு." நான் அன்னைக்கே பஸ் ஏறிட்டேன். வந்து பாத்தா கீழ் லயத்துல குடுத்த அந்த ஒத்தைக் காம்பராவுல சுவரப் பாத்துக்கிட்டு படுத்திருந்தாரு. நான் ரொட்டி சுட்டு வச்சேன். சாப்பிட்டாரு. பேசல.

ஞாயித்துக்கிழமை மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மேமலைக்குக் கெளம்பினாரு. உங்களுக்கு இது தெரியாது, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அவர்தான் சொல்லி வச்சிருந்தாரு. ஞாயிறு தவறாம போவாரு. மண்ணத் தோண்டுவாரு. பொழுது சாஞ்சதும் திரும்பி வருவாரு. கோயில் ஐயரு தர்ப்பையில உருவம் செஞ்சு கருமாதி முடிச்சிரலாம்னு எத்தனையோ தடவ கேட்டுட்டாரு. "ஆளு கெடைக்கட்டும், பெறகு பாத்துக்கலாம்"னு அப்பாகிட்ட ஒரே பதில்தான்.

நானும் பின்னாலயே போனேன். மேல போயி உக்காந்தோம். என்னைப் பாக்காமலே கேட்டாரு.

"படத்துல அவ எப்படி வர்றா?"

"மழையில வர்றாங்கப்பா. வேலை முடிஞ்சு வர்ற மாதிரி."

"கால்ல செருப்பு இருக்கா?"

"இல்லப்பா."

"ஆமா. பள்ளிக்கூடத்து வாசல்லதான கழட்டிப் போட்டுட்டு ஓடினா"ன்னாரு. 

அந்த நாளப் பத்தி நீங்க என்கிட்ட கேட்டதே இல்ல. நானும் சொன்னதில்ல. ஐப்பசி மழை. மலையில வெடிப்பு விட்டிருக்குன்னு எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க. நாங்க மூணு பேரும் போயிட்டோம். அம்மாவுக்குக் கொட்டில்ல கட்டியிருந்த மாட்ட நெனைச்சு மனசு கேக்கல. "அவுத்துவிட்டுட்டு இந்தா வந்துர்றேன்"னு ஓடினாங்க. கொஞ்ச நேரத்துல மாடு தனியா எறங்கி வந்துச்சு. கயிறு இல்ல, அவுத்துதான் விட்டிருக்காங்க. மாட்டப் பாத்ததும் நான் சிரிச்சேன் அண்ணா, அம்மா பின்னாலயே வர்றாங்கன்னு. அப்பதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு.

அம்மாவப் பேயாக்கிட்டேன்னு எழுதினீங்க. நான் பேய்ப்படம் நெறையப் பாத்திருக்கேன். எல்லாத்துலயும் செத்தவங்க திரும்பி வர்றாங்க. அதைப் பாத்துப் பயப்படுறாங்க. எனக்கு அது வெளங்கவே இல்ல. நம்ம வீட்டுக் கதவ யாரும் தட்டலையே அண்ணா. ரெண்டு மழைக்காலம் போயிருச்சு, ஒரு தடவகூட யாரும் தட்டல. எனக்கு அதுதான் பயம். அதை வேற எப்படி எடுக்குறதுன்னு எனக்குத் தெரியல. நான் படிச்ச படிப்புக்கு இவ்வளவுதான் வந்துச்சு.

நிரோஷன் அவனா ஒரு போஸ்டர் செஞ்சிருக்கான். இதோட அனுப்புறேன். வெள்ளைக் கண்ணு, நீள நகம், வாயில இரத்தம். எல்லாருக்கும் புடிச்சிருக்காம். அச்சுக்குக் குடுக்க ஏப்ரல் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்.

உங்களைக் கட்டாயப்படுத்தல. ஆனா அவன் போஸ்டரக் கொஞ்சம் பாருங்க. அம்மாவுக்கு அந்த முகம் வரக்கூடாது.

சுலா


தோஹா
ஏப்ரல் 20, 2025

சுலாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். உடனே எழுத முடியவில்லை. அப்பா மம்பட்டியோடு போவது எனக்குத் தெரியாது. ஞாயிறு நான் எப்போது கூப்பிட்டாலும் போன் எடுக்கமாட்டார். மலையில் சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நீ அங்கே இருந்தாய். சத்தத்தைக் கேட்டாய். மண்ணைப் பார்த்தாய். எனக்கு வந்தது ஒரு போன் மட்டும்தான். "தேடிக்கிட்டிருக்கோம், நீ இப்ப வராத, ரோடெல்லாம் மூடியிருக்கு" என்றார்கள். நான் இங்கே வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். எனக்கு இங்க அம்மா சாகலடி. அவங்க ஊருல இருக்காங்க, நான் வெளிநாட்டுல இருக்கேன், போன்ல பேசாம இருக்காங்க, அவ்வளவுதான்னு வச்சுக்கிட்டு ஓட்டிக்கிட்டிருந்தேன். நீ அனுப்புன நாலாவது படம் அதை ஒடைச்சிருச்சு. அந்தக் கோபத்தைத்தான் உன் தலையில கொட்டிட்டேன்.

நிரோஷனின் போஸ்டரைப் பார்த்தேன். பையனுக்குக் கை நன்றாக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் யாருமில்லை. எங்கேயோ எடுத்த கண், எங்கேயோ எடுத்த வாய். யாருமில்லாத ஒருத்தியைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

நான் வரைகிறேன். ஆரம்பித்துவிட்டேன். வேலை முடிந்ததும் கடையிலேயே உட்கார்ந்து வரைய மேஸ்திரி விட்டிருக்கிறான். அன்றைக்குக் கத்தினவன்தான். யார் முகம் என்று கேட்டான், சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வருகிறபோது மெதுவாக நடக்கிறான்.

ஒரு சிக்கல். வீட்டில் இருந்த போட்டோ எல்லாம் மண்ணோடு போய்விட்டது. என் போனில் இருப்பது மூன்றோ நாலோதான். ஒன்றில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒன்றில் தலை திரும்பியிருக்கிறது. அடையாள அட்டைக் கொப்பியில் முகமே கறுப்பு. கண் வந்துவிட்டது, நெற்றி வந்துவிட்டது. மூக்கில் நின்றுபோனேன்.

அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்? எனக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது சுலா. இடப்பக்கம் என்று வைக்கிறேன், சரியாகத் தெரிகிறது. வலத்துக்கு மாற்றுகிறேன், அதுவும் சரியாகத் தெரிகிறது. பெத்த தாயோட மூக்குத்தி எந்தப் பக்கம்னு தெரியாம ஒரு மகன் இருப்பானா?

லோஜன்


கல்லருவித் தோட்டம்
ஏப்ரல் 23, 2025

அண்ணா,

உங்க கடிதம் வந்தப்ப நான் வருசப்பிறப்பு லீவுல இங்கதான் இருந்தேன். வாசிச்சதும் எனக்கு அழுகை வந்துச்சு, பெறகு பயம் வந்துச்சு. ஏன்னா எனக்கும் தெரியல. இடப்பக்கம்னு நெனைச்சேன். கண்ணாடி முன்னால நின்னு என் மூக்கத் தொட்டுப் பாத்தேன். அப்பவும் நிச்சயமா சொல்ல முடியல.

அப்பாகிட்ட கேக்க எனக்குத் தைரியம் வரல. அவரு அடுப்படியில தேத்தண்ணி ஊத்திக்கிட்டிருந்தாரு. கடைசியில கேட்டுட்டேன்.

"அப்பா, அண்ணன் அம்மாவ வரையிறாங்க. மூக்குத்தி எந்தப் பக்கம்னு கேக்குறாங்க."

கையில இருந்த கோப்பைய வச்சிட்டாரு. போச்சு, மறுபடியும் பேச்ச நிறுத்தப் போறாருன்னு நெனைச்சேன். ஆனா சொன்னாரு:

"மொதல்ல வலப்பக்கம் குத்தியிருந்தா. கல்யாணத்தப்ப அதான். பெறகு நீ வயித்துல இருக்கும்போது அது சீழ் புடிச்சு, கழட்டிப் போட்டுட்டா. குத்துன ஓட்டை தூந்துபோச்சு. நீ பொறந்ததுக்கு அப்புறம் எடப்பக்கம் குத்திக்கிட்டா. அவனுக்கு ரெண்டும் ஞாபகம் இருக்கும், சின்னப் புள்ளையில வலப்பக்கத்தப் பாத்திருப்பான். வலப்பக்கம் சின்னதா ஒரு தழும்பு இருந்துச்சுன்னு சொல்லு. கிட்டத்துல பாத்தாத்தான் தெரியும்."

நீங்க மறக்கல அண்ணா. ரெண்டு பக்கமும் சரிதான்.

அப்பா அத்தோட நிறுத்தல. புருவத்துல ஒரு எடத்துல முடி இல்லாம இருந்துச்சு, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டதுன்னாரு. சிரிச்சா மேல் ஈறு தெரியும், அதனாலதான் அம்மா வாயப் பொத்திக்குவாங்கன்னாரு. "இருந்துச்சு, இருந்துச்சு"ன்னு பேசிக்கிட்டே வந்தவரு, இடையில நின்னு என்னையப் பாத்தாரு. இத்தனை நாளும் அம்மாவப் பத்தி அவரு அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. "இருக்கா, வருவா"ன்னுதான் பேசுவாரு. அவருக்கும் அது காதுல விழுந்திருக்கணும். தேத்தண்ணிய எடுத்துக்கிட்டு வெளியில போயிட்டாரு.

அச்சுக் கடையில மே ஏழாம் தேதிக்குள்ள கேக்குறாங்க.

சுலா


தோஹா
மே 4, 2025

சுலா,

போஸ்டரை அனுப்பியிருக்கிறேன். அச்சுக்கு ஒன்று, போனில் போட ஒன்று. கடைக்காரரிடம் நிறத்தை மாற்ற வேண்டாம் என்று சொல். "கொஞ்சம் வெளிச்சம் கூட்டித் தரவா" என்று கேட்பார்கள். கூட்ட வேண்டாம்.

கதவைத் திறந்தவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறேன். வாசலில் அம்மா நிற்கிறார்கள், முகம் மட்டும் பெரிதாக. தலையில் பொலித்தீன், அதிலிருந்து தண்ணீர் வடிகிறது. பின்னால் மலையும் பனியும். கன்னத்தில் கொஞ்சம் மண். இரத்தமில்லை, வெள்ளைக் கண்ணுமில்லை. வேலை விட்டு நனைந்து வந்தவர்களின் முகம், அவ்வளவுதான். ஒன்று மட்டும் செய்தேன். கண் நம்மைப் பார்க்கவில்லை. நம்மைத் தாண்டி, நமக்குப் பின்னால் வீட்டுக்குள் யாரையோ தேடுகிறது. யாரைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் எனக்குப் பயமாக இல்லை. தெரியாதவர்களுக்குப் பயம் வரும்.

கீழே ‘தாப்பாள்’ என்று ஈர விரலால் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே உங்கள் பெயர்கள். என் பெயரைப் போடவில்லை. நீ போடாதே.

முடித்த பிறகு திரையை அணைக்க முடியவில்லை. அணைத்தால் முகம் போய்விடும். மேஸ்திரி வந்து, "நீ போ, நான் பிறகு அணைக்கிறேன்" என்றான்.

லோஜன்


ஹட்டன்
மே 19, 2025

அண்ணா,

நேத்தே எழுத நெனைச்சேன். கை வரல. இன்னைக்கு எழுதிடுறேன்.

முதல்ல நிரோஷனப் பத்தி. உங்க போஸ்டரைத் தொறந்து காட்டினதும், "இது பேய்ப்பட போஸ்டரே இல்ல, யாரும் உள்ள வரமாட்டாங்க"ன்னான்.  கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தவன், சட்டுன்னு பின்னால திரும்பிப் பாத்தான். அறையில எங்க ரெண்டு பேரத் தவிர யாரும் இல்ல. பெறகு அவனே அவன் செஞ்சத அழிச்சிட்டு உங்களோடதக் கடைக்குக் கொண்டுபோனான்.

சனிக்கிழமை மண்டபம் நெறைஞ்சிருந்துச்சு. நம்ம தோட்டத்துல இருந்து ஒரு பஸ் புடிச்சு வந்திருந்தாங்க. அப்பா வரமாட்டேன்னு சொல்லிட்டாரு. நானும் கெஞ்சல.

எங்க படம் மூணாவது. நான் கடைசி வரிசையில சுவரோட ஒட்டிக்கிட்டு நின்னேன். முதல் தடவ கதவு தட்டினப்ப ஹட்டன் பையன்க விசிலடிச்சாங்க. ரெண்டாவது தடவ அதுவும் இல்ல. கடைசிக் காட்சியில மக எழும்பிப் போயி தாப்பா மேல கைய வைக்கிறா. அப்ப முன்னாலயிருந்து ஒரு குரல் வந்துச்சு.

"போடாதடி! தொறந்து விடு!"

அம்மாக்கண்ணு அத்தை. எழும்பி நின்னுட்டாங்க. அவங்களப் பாத்து இன்னும் நாலஞ்சு பேரு எழும்பிட்டாங்க. "நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாடி, தொறடி, உள்ள வரட்டும்"னு திரையப் பாத்துக் கத்துறாங்க. படத்துல நான் எழுதி வச்ச மாதிரியே தாப்பா விழுந்துச்சு. தட்டுற சத்தம் நின்னுச்சு. யாரும் கை தட்டல. பொம்பளைங்க அழுகுற சத்தம்தான் கேட்டுச்சு, எழவு வீட்டுல கேக்குற மாதிரி. நம்ம வீட்டுல அந்த அழுகையே நடக்கலையே அண்ணா. அன்னைக்குத்தான் நடந்துச்சு. லைட்டு போட்டதுக்கு அப்புறமும் எங்க வாத்தியார் எழும்பாம உக்காந்திருந்தாரு.

நான் அங்க நிக்க முடியாம வெளியில ஓடிவந்தேன். வாசல்ல போஸ்டர்கள ஒட்டியிருந்த எடத்துல அப்பா நிக்கிறாரு. ஸ்டோர் உடுப்போட. பின்னால வந்த லொறியில ஏறி வந்திருக்காரு. எப்ப வந்தாருன்னு தெரியல. உள்ள வரவே இல்ல.

கிட்டப் போனேன். அவரு திரும்பல.

"படம் முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சுப்பா."

"உள்ள என்ன சத்தம்?"

"அத்தை அழுகுறாங்க."

தலைய ஆட்டினாரு. ஒரு விரல எடுத்து போஸ்டர்ல அம்மா கன்னத்துல இருந்த மண்ண மெதுவா தொடச்சாரு. அது அச்சுதான்னு தெரிஞ்சேதான் செஞ்சாரு. பெறகு கேட்டாரு:

"இதுல எழுத்து இல்லாம ஒண்ணு அனுப்பச் சொல்ல முடியுமா உங்க அண்ணன?"

"எதுக்குப்பா?"

"எழுத்தோட கருமாதிக்கு வைக்க முடியாதுல்ல."

 பெறகு அவரே சொன்னாரு: "ஐயர நாளைக்குப் பாக்குறேன். போதும் பாப்பா. எவ்வளவு நாளைக்குத்தான் அவள வெளியில நிக்க வைக்கிறது."

அத்தை வந்து அவரு கையப் புடிச்சுக்கிட்டு உக்கார வச்சாங்க. அப்பதான் அப்பா அழுதாரு. நான் அவரு அழுது பாத்ததில்ல. ரோட்டுல போறவங்கெல்லாம் நின்னு பாத்தாங்க. நான் மறைக்கல.

நீங்க வந்தாத்தான் நாள் குறிக்கணும்னு ஐயருகிட்ட சொல்லியிருக்காரு. வருவீங்களா?

சுலா


தோஹா
மே 24, 2025

சுலா,

அப்பா கேட்ட படத்தை இதோடு அனுப்புகிறேன். முதலில் அப்பாவிடம் காட்டு. அவர் சரி என்ற பிறகு சட்டம் போடக் கொடு.

சுலபமான வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். படப் பெயரை எடுத்தேன். உங்கள் பெயர்களை எடுத்தேன். மண்டபம், தேதி, ‘திகில் குறும்படம்’ என்று போட்டிருந்தது, எல்லாவற்றையும் எடுத்தேன். எடுத்துவிட்டுப் பார்த்தால் எழுத்து இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. தாடைக்குக் கீழே நான் எதுவும் வரைந்திருக்கவில்லை. எழுத்துத்தானே மூடப் போகிறது என்று விட்டிருந்தேன்.

பிறகு உட்கார்ந்து வரைந்தேன். கழுத்து, தாலிக்கயிறு, தோள். பச்சைச் சேலையின் கரை உன் நாலாவது படத்தில் இருந்தது, அதைப் பார்த்துப் போட்டேன். பொலித்தீனை எடுத்துவிட்டேன், மழையையும் எடுத்துவிட்டேன். கன்னத்து மண்ணைத் துடைத்துவிட்டேன். தலையைச் சீவி, காதோரம் நரை வைத்தேன். நான் புறப்பட்டு வரும்போது நரை அவ்வளவு இல்லை. பிறகு நீ அனுப்பிய போட்டோவில் இருந்தது. கண்ணை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் யாரையோ தேடிக்கொண்டிருந்தது. இப்போது நேராகப் பார்க்கிறது. அதைச் செய்யத்தான் அதிக நேரம் ஆனது. அதைச் செய்யும்போதுதான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. நேபாளிப் பையன் மெசினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாசை வராது. உட்கார்ந்திருந்தான்.

லீவு எழுதிக் கொடுத்தேன். முதலாளி இப்போது முடியாது என்றார். "என் தாய்க்குச் சடங்கு, மூத்த மகன் நான்தான் செய்யணும்" என்றேன். "தாய் எப்போது இறந்தார்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இதுவரை யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜூன் முதல் வாரம் வருகிறேன். ஐயரிடம் அதற்குப் பிறகு ஒரு நாள் பார்க்கச் சொல். ஏர்போர்ட்டுக்கு அப்பாவ அலையவிடாத, நானே பஸ்ஸுல வந்துக்குவேன். வந்ததும் முதல்ல மேமலைக்குப் போகணும். அந்த எடத்த நான் இன்னும் பாக்கல. போன்ல வந்த வீடியோவ மட்டும்தான் பாத்திருக்கேன், அதுவும் பாதியில நிறுத்திட்டேன்.

நீ கூட வா. எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியாது.

அண்ணன்
லோஜன்